டர்பன் குடும்ப நிறுவனத்துக்கு மொரிஷியஸ் கம்பெனி தேவையா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"மொரிஷியஸில் ஒரு கம்பெனி திறந்தால் வரி 3 சதவீதம்தானாமே, அண்ணா? எல்லாரும் செய்கிறார்களாம். நாங்களும் செய்யலாமா, இல்லை இங்கேயே இருந்துவிடலாமா?" இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும் பணக்காரர்கள் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் வெருலத்திலும் மசாலா அரைப்பவர்கள், துணி தைப்பவர்கள், லாரி வைத்திருப்பவர்கள். 1994-க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்து சின்னதாகக் கடை போட்டு, இன்று மொசாம்பிக்குக்கும் சாம்பியாவுக்கும் சரக்கு அனுப்புகிற குடும்பங்களும் இவர்களில் உண்டு.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஆலோசகர் கொண்டுவரும் காகிதம் வக்கீல் ஆங்கிலத்தில் இருக்கும். இயக்குநர் என்று கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் தொழிலைத் தொடங்கிய அப்பாவோ அம்மாவோதான். பின்னால் பிரச்சினை வந்தால் கடிதம் வருவதும் அவர்கள் பெயருக்குத்தான். கவனக்குறைவோ மோசடியோ இருந்தால், நிறுவனத்தின் பண விவகாரத்தைக் கவனிப்பவர்மீதே வரிக் கடனைச் சுமத்த, தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. கையெழுத்துப் போடுகிறவருக்கு விஷயம் புரிய வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவுகளை டர்பனில் எடுக்கிற குடும்பத்துக்கு டர்பன்தான் சரி. கணக்குப் போட்டாலும் அதுதான் வருகிறது, நியாயம் பார்த்தாலும் அதுதான் வருகிறது. ஆனால் எல்லாருடைய நிலைமையும் ஒன்றல்ல. மொரிஷியஸ் உண்மையிலேயே பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்பதையும் பார்ப்போம்.

பேசுவதற்கு வசதியாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஃபீனிக்ஸில் மசாலா அரைக்கும் நிறுவனம். ஆண்டு விற்றுமுதல் 18 மில்லியன் ராண்ட், வரிக்கு முந்தைய லாபம் 2 மில்லியன் ராண்ட். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் பங்குதாரர்கள். சரக்கில் பாதி வெளிநாட்டுக்குப் போகிறது.

## எதை வைத்து எடை போடுவது

முடிவெடுப்பவர் எங்கே இருக்கிறார். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இதுதான். ஆலோசகர்கள் அவசரமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இங்கே பதிவான கம்பெனி உள்நாட்டு வரிதாரர், அதாவது இங்கே வரி கட்ட வேண்டியவர். வெளிநாட்டில் பதிவாகி, இங்கிருந்து நிர்வகிக்கப்படும் கம்பெனியும் உள்நாட்டு வரிதாரர்தான். விலையை யார் நிர்ணயிக்கிறார், கடன் வாங்கலாமா என்று யார் தீர்மானிக்கிறார், அதை எந்த ஊரில் வைத்துச் செய்கிறார் என்று சார்ஸ் பார்க்கும். போர்டு கூட்டத்தின் மினிட்ஸ் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் எழுதப்பட்டிருக்கலாம். உத்தரவெல்லாம் ஃபீனிக்ஸிலிருந்து வாட்ஸ்அப்பில் போயிருந்தால் அந்த மினிட்ஸுக்கு மதிப்பில்லை.

இரண்டு நாடும் அந்தக் கம்பெனியைத் தங்கள் வரிதாரர் என்று சொன்னால்? 2013-ல் கையெழுத்தாகி 2015-ல் நடைமுறைக்கு வந்த இருநாட்டு ஒப்பந்தப்படி, இரண்டு வரித்துறைகளும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை ஒப்பந்தச் சலுகைகளை நம்பித் திட்டம் போட முடியாது.

கடைசியில் மொத்தமாகக் கட்டும் வரி. வெளிநாட்டு வீதத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படக் கூடாது. வெளிநாட்டுக் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு தென்னாப்பிரிக்கவாசிகளிடம் இருந்தால், அதன் லாபத்தை இங்குள்ள பங்குதாரர்களின் வருமானமாகவே எடுத்துக்கொள்ளும் விதி இருக்கிறது. இதிலிருந்து தப்ப முக்கியமாக இரண்டு வாசல். ஒன்று, அங்கே கட்டும் வரி, இங்கே கட்டியிருக்க வேண்டிய வரியில் குறைந்தது 67.5 சதவீதமாக இருக்க வேண்டும். இங்கே நிறுவன வரி 27 சதவீதம், ஆகவே அங்கே 18.2 சதவீதத்துக்கு மேல் கட்டியிருக்க வேண்டும். மொரிஷியஸின் முழு வீதமான 15 சதவீதமே அதைத் தொடாது. இன்னொன்று, அங்கே நிஜமான அலுவலகம், நிஜமான ஆட்கள், நிஜமான வேலை இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும், தொடர்புடைய தென்னாப்பிரிக்க நிறுவனத்தோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

ஆண்டுதோறும் ஆகும் செலவு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் டாலரில் கட்ட வேண்டிய செலவு.

யார் கண்ணுக்குத் தெரியும். ரகசியம் என்று விற்கப்படுவது எவ்வளவு நாள் ரகசியமாக இருக்கும்?

யாருக்குச் சேர வேண்டிய பணம். வரியைக் குறைத்தால் அந்தத் தொகை எங்கிருந்தோ குறைகிறது. இதைத் தனியாகவே பேச வேண்டும், பின்னால் வருகிறேன்.

## வழி 1: டர்பனிலேயே இருப்பது

இந்த வழியின் பலத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. சிறு நிறுவனங்களுக்குத் தனி வரி வீதம் இருக்கிறது. விற்றுமுதல் 20 மில்லியன் ராண்டுக்குள் இருந்து, பங்குதாரர்கள் எல்லாரும் தனி மனிதர்களாக இருந்து, அவர்கள் வேறு கம்பெனியில் பங்கு வைத்திருக்காவிட்டால் (பங்குச்சந்தைப் பங்குகள் போன்ற சில விலக்குகள் உண்டு) இந்த வீதம் கிடைக்கும். 2026 மார்ச் 31-க்குள் முடிந்த நிதியாண்டுக்கு முதல் 95,750 ராண்டுக்கு வரி இல்லாமல் இருந்தது, 365,000 வரை 7 சதவீதம், 550,000 வரை 21 சதவீதம், அதற்கு மேல் 27 சதவீதம்.

அந்த வீதங்களை வைத்து நம் மசாலாக் குடும்பத்துக்குக் கணக்குப் போடுவோம். 2 மில்லியன் லாபத்துக்குச் சாதாரண வீதத்தில் 540,000 ராண்ட் வரி. சிறு நிறுவன வீதத்தில் 449,198. மிச்சம் 90,802 ராண்ட், ஒவ்வோர் ஆண்டும், எந்த விமானமும் ஏறாமல். இதோடு, உற்பத்தியில் பயன்படும் புது அரவை இயந்திரத்தின் முழு விலையையும் அது வேலைக்கு வந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். 18 முதல் 29 வயதுள்ள இளைஞர்களைக் குறைந்த சம்பள வரம்புக்குள் வேலைக்கு எடுத்தால் அதற்கும் ஊக்கத்தொகை உண்டு. நேரடி ஏற்றுமதிக்கு வாட் பூஜ்ய வீதம்.

மறைந்த செலவு என்றால், வாட் திருப்பித் தருவதைச் சார்ஸ் சரிபார்ப்புக்கு எடுத்தால் பணம் முடங்கும். ஏற்றுமதி அதிகமுள்ள நிறுவனத்துக்கு அது நிஜமான வலி, அதற்கென்று கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். லாபத்தை ஈவுத்தொகையாகக் குடும்பம் எடுக்கும்போது 20 சதவீதம் தனியாகப் பிடிக்கப்படும். நிஜமாகவே நிறுவனத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நியாயமான சம்பளம் போடுவதா, ஈவுத்தொகையாக எடுப்பதா என்று வருடா வருடம் கணக்குப் பார்ப்பது நல்லது. அப்புறம், வேறொரு காரணத்துக்காகக் குடும்ப அறக்கட்டளையைப் பங்குதாரராகச் சேர்த்தால் சிறு நிறுவன வீதம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். மொரிஷியஸ் பற்றிக் கேட்கும் பலரிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால், அவர்களுடைய கவலை வரியே இல்லை. ராண்ட் சரிந்துகொண்டே போகிறது, 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தோம், பிள்ளைகளுக்கு வெளியே கொஞ்சம் பணம் இருக்கட்டும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து வேறு. வரி கட்டி முடித்த பணத்தை, சார்ஸின் வரி அனுமதிச் சான்றோடு, ஒரு நபர் ஆண்டுக்கு 10 மில்லியன் ராண்ட் வரை வங்கி வழியாக வெளியே முதலீடு செய்யலாம். சான்று தேவைப்படாத தனி வரம்பும் அதற்குக் கீழே உண்டு. அந்த முதலீட்டில் வரும் வருமானத்தை இங்கே காட்ட வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்புக்காக வெளியே பணம் வைக்க நினைப்பவர் வரிக்கான கம்பெனியை வாங்கினால், கேட்காத சரக்கை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

## வழி 2: மொரிஷியஸில் குளோபல் பிசினஸ் கம்பெனி

முதலில் மொரிஷியஸுக்கு நியாயமாக இருப்போம். அது திருடர்களின் தீவு அல்ல. எபேன் சைபர்சிட்டியில் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள், நம்மைப் போலவே கப்பலில் வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும்கூட, நேர்மையாகக் கணக்கெழுதிப் பிழைக்கிறார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்த ஊழியர்கள், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போகக்கூடிய நீதிமுறை, ஆப்பிரிக்க நாடுகளோடு ஒப்பந்தங்கள் என்று ஒரு முதலீட்டாளர் மதிக்கும் விஷயங்கள் அங்கே உண்டு.

விதிகளும் முன்போல் தளர்வாக இல்லை. பழைய இரண்டு வகை உரிமங்களை 2018-ன் நிதிச் சட்டம் ஒழித்தது. பழைய உரிமம் வைத்திருந்தவர்களுக்கான சலுகைக் காலமும் 2021 ஜூன் 30-ல் முடிந்தது. இன்று குளோபல் பிசினஸ் உரிமம் (மொரிஷியஸில் பதிவாகி, முக்கியமாக வெளிநாட்டில் தொழில் செய்யும் கம்பெனிக்கானது) வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு உள்ளூர் இயக்குநர்கள், மொரிஷியஸில் முதன்மை வங்கிக் கணக்கு, அங்கேயே வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்கள், அங்கேயே நடக்கும் தணிக்கை, நிர்வாகத்துக்கு ஒரு மேனேஜ்மெண்ட் கம்பெனி, வருமானம் தரும் முக்கிய வேலை அங்கே நடப்பதற்கான சான்று, இத்தனையும் வேண்டும்.

3 சதவீதம் எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டு ஈவுத்தொகை, வட்டி போன்ற சில வருமானங்களில் 80 சதவீதத்துக்கு விலக்கு தருகிறார்கள். மிச்சத்துக்கு 15 சதவீதம் போட்டால் 3 வரும். சரக்கு ஏற்றுமதி லாபத்துக்கும் 3 சதவீத வீதம் உண்டு. சரக்கு மொரிஷியஸில் இறங்காமலே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நேராகப் போனாலும், வாங்கி விற்றது மொரிஷியஸ் கம்பெனி என்றால் அதுவும் ஏற்றுமதியாகவே கணக்கு. ஆலோசகர் விற்பது இதைத்தான்: கன்டெய்னர் டர்பன் துறைமுகத்திலிருந்து மொசாம்பிக்கின் மபூட்டோவுக்குப் போகும், இன்வாய்ஸ் மட்டும் மொரிஷியஸ் வழியாகப் போகும்.

அவர் போடும் கணக்கையே போடுவோம். லாபத்தில் பாதி, 1 மில்லியன் ராண்ட், மொரிஷியஸுக்குப் போகிறது. இங்கே 270,000 கட்டுவதற்குப் பதில் அங்கே 30,000. மிச்சம் 240,000 ராண்ட். கேட்க இனிக்கிறது.

இப்போது அவர் போடாத கணக்கு. மேனேஜ்மெண்ட் கம்பெனி, இயக்குநர்கள், தணிக்கை, உரிமக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 18 ராண்ட் என்றால் 216,000. பங்குதாரர்கள் வேறு கம்பெனியில் பங்கு வாங்கியதால் சிறு நிறுவன வீதம் போய்விட்டது, அது 90,802. இரண்டையும் கூட்டினால் 306,802. மிச்சமாகும் என்று சொன்ன 240,000-ஐ விட 66,802 ராண்ட் அதிகம். அதாவது சார்ஸ் ஒரு கேள்விகூடக் கேட்காவிட்டாலும் இந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்.

சார்ஸ் கேட்டால்? அரைப்பதும் விற்பதும் விலை பேசுவதும் ஃபீனிக்ஸில்தான் என்றால் மொரிஷியஸ் கம்பெனி இங்கே வரிதாரர், 27 சதவீதம். அதை எப்படியோ தாண்டினாலும் அந்த லாபம் நான்கு பங்குதாரர்களின் சொந்த வருமானத்தோடு சேரும். தனிநபர் வரியின் உச்சம் 45 சதவீதம், அங்கே கட்டிய 3 மட்டும் கழியும். அதையும் தாண்டினால், தொடர்புடைய இரண்டு கம்பெனிகளுக்கு இடையில் போட்ட விலை சந்தை விலைதானா என்ற கேள்வி நிற்கும். ஒரு மேசையும் ஒரு பெயர்ப்பலகையும் மட்டும் உள்ள கம்பெனி 1 மில்லியன் ராண்ட் லாபம் பார்க்க என்ன வேலை செய்தது என்று கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது.

இதோடு ஒப்பந்தங்கள் நிலையானவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்கு விற்ற லாபத்துக்கு மொரிஷியஸ் வழியாக வந்தால் வரி இல்லை என்ற கதவை இந்தியா 2016-ன் திருத்தத்தால் மூடியது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியாவிலேயே வரி. கென்யாவின் ஒப்பந்தத்தை 2019-ல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. செனகல் தன் ஒப்பந்தத்தை 2020-ன் தொடக்கத்தோடு முடித்துக்கொண்டது, சாம்பியாவும் 2020-ல் விலகியது. இருபது ஆண்டுத் திட்டத்தை ஒப்பந்தத்தின் ஒரு வரியை நம்பிப் போட்டவர்கள் எல்லாரும் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது.

யாருக்குப் பொருந்தும்? குடும்பத்தில் ஒருவர் நிஜமாகவே மொரிஷியஸில் குடியேறி, அங்கே ஆட்களை வைத்து மடகாஸ்கர், ரீயூனியன், கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தையைக் கவனிக்கிறார் என்றால் அது நிஜமான தொழில், வரியும் அங்கே சேர்வது நியாயம். பல நாட்டு முதலீட்டாளர்கள் பணம் சேர்த்து ஆப்பிரிக்காவில் முதலிடும் நிதியத்துக்கும் பொருந்தும். இங்கிருந்து ஒரு நிறுவனம் வெளிநாட்டில் முதலிட வங்கி வழியாக ஆண்டுக்கு 5 பில்லியன் ராண்ட் வரை வழி இருக்கிறது. இதற்காக எதையும் மறைக்கத் தேவையில்லை.

## வழி 3: மொரிஷியஸ் ஆதரைஸ்ட் கம்பெனி

இது மலிவானது, வேகமானது. இரண்டு உள்ளூர் இயக்குநர்கள் வேண்டாம். டர்பன் குடும்பத்துக்கு நான் இதை ஒருபோதும் சொல்ல மாட்டேன். காரணம் உரிமத்தின் நிபந்தனையிலேயே இருக்கிறது: கம்பெனி மொரிஷியஸுக்கு வெளியிலிருந்து நிர்வகிக்கப்பட வேண்டும். அதனால்தான் மொரிஷியஸ் அதைத் தன் வரிதாரராகக் கருதுவதில்லை, ஒப்பந்தச் சலுகையும் தருவதில்லை. வெளியே என்றால் எங்கே? ஃபீனிக்ஸில். அதாவது நிர்வாகம் இங்கேதான் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். சார்ஸுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, பிறகு ஏன் வாங்குகிறார்கள்? பெயர் தெரியாமல் இருக்கத்தான். அதுவும் இப்போது நடப்பதில்லை. வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகப் பரிமாறும் உலக ஏற்பாட்டில் தென்னாப்பிரிக்கா 2017 முதலும் மொரிஷியஸ் 2018 முதலும் இருக்கின்றன. கம்பெனி பெயரில் கணக்கு இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்பது போய்ச் சேரும். இங்கேயோ 2023 மே முதல் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்று நிறுவனப் பதிவு அலுவலகமான சிஐபிசிக்குச் சொல்ல வேண்டும், 5 சதவீதம் வைத்திருந்தாலே. இதற்கெல்லாம் மேலே, 2019 ஜூலையில் ஒரு சட்ட நிறுவனத்தின் மொரிஷியஸ் அலுவலகத்திலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் பத்திரிகையாளர்கள் கைக்குப் போய், உலகம் முழுக்கச் செய்தியாயின. பூட்டிய அறை என்று சொல்லி விற்றது பூட்டியிருக்கவில்லை.

இந்த வகை பொருந்துவது, வரியைத் தன் நாட்டில் முழுதாகக் காட்டிக்கொண்டே, இரண்டு மூன்று நாட்டுக் கூட்டாளிகளோடு பொதுவான இடத்தில் ஒரு கம்பெனி வேண்டும் என்பவர்களுக்கு. அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் மிகச் சிலர்.

## வழி 4: துபாய் ஃப்ரீ ஸோன்

அடுத்த கேள்வி எப்போதும் இதுதான். சுருக்கமாகச் சொல்கிறேன். துபாயில் வரியே இல்லை என்ற காலம் முடிந்துவிட்டது. 2023 ஜூன் முதல் 375,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத நிறுவன வரி. ஃப்ரீ ஸோன் என்ற தனிச் சலுகைத் தொழில் பகுதியில் குறிப்பிட்ட வகை வருமானத்துக்கு மட்டும் பூஜ்யம். தென்னாப்பிரிக்காவில் இருப்பவருக்கு, மொரிஷியஸுக்குச் சொன்ன அதே விதிகள் இங்கும் அப்படியே. 9 சதவீதமும் 18.2-ஐத் தொடாது.

குடும்பத்தோடு நிஜமாகவே துபாய்க்குக் குடிபெயர்ந்து அங்கே கடை போடுகிறவர்களுக்கு நல்ல வழி. அவர்கள் கவனிக்க வேண்டியது வெளியேற்ற வரி. தென்னாப்பிரிக்க வரிதாரர் என்ற நிலையை விடும் நாளில், உங்கள் சொத்துகளில் பலவற்றை விற்றதாகவே கருதி லாப வரி கேட்பார்கள். போவதற்கு ஓராண்டு முன்பே இதைக் கணக்கிட வேண்டும்.

## நான்கும் ஒரே பார்வையில்

| | டர்பன் | குளோபல் பிசினஸ் | ஆதரைஸ்ட் கம்பெனி | துபாய் |
|---|---|---|---|---|
| அந்த நாட்டு வீதம் | 27%, சிறு நிறுவனத்துக்குக் குறைவு | 15%, சிலவற்றுக்கு 3% | மொரிஷியஸில் வரிதாரர் அல்ல | 9% அல்லது 0% |
| இங்கிருந்து நடத்தினால் இறுதி வரி | அதேதான் | 27%, அல்லது பங்குதாரர் வீதம் 45% வரை | 27% | 27%, அல்லது பங்குதாரர் வீதம் 45% வரை |
| சிறு நிறுவன வீதம் | உண்டு | போய்விடும் | போய்விடும் | போய்விடும் |
| நிலையான டாலர் செலவு | இல்லை | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| ரகசியம் | இல்லை | இல்லை | இருப்பதாக நினைப்பார்கள், இல்லை | இல்லை |
| பொருந்துவது | இங்கே இருந்து நடத்துபவர்க்கு | அங்கே நிஜ அலுவலகம் உள்ளவர்க்கு | பல நாட்டுக் கூட்டாளிகளுக்கு | குடிபெயர்பவர்க்கு |

## யாருடைய பணம்

இதுவரை சொன்னதெல்லாம் லாப நஷ்டக் கணக்கு. ஒருவர் என்னிடம் வந்து, "எங்கள் விற்றுமுதல் 300 மில்லியன், செலவைத் தாண்டியும் மிச்சம் வரும், ஆலோசகர் சார்ஸையும் சமாளிப்பார்" என்றால் அப்போது என்ன சொல்வது? அப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன். கன்டெய்னர் ஒரு பாதையிலும் இன்வாய்ஸ் இன்னொரு பாதையிலும் போகும் ஏற்பாட்டால் யாரோ ஒருவர் இழக்கிறார், அவர் யார் என்று தெரியும்.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த மதுபான நிறுவனமான சாப்மில்லரைப் பற்றி ஆக்‌ஷன்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கானாவில் உள்ள அதன் அக்ரா ஆலை, வர்த்தகச் சின்னத்துக்கான கட்டணத்தை நெதர்லாந்துக்கும், நிர்வாகக் கட்டணத்தை சுவிட்சர்லாந்துக்கும் அனுப்பியது. மூலப்பொருள் கொள்முதல் மொரிஷியஸ் கம்பெனி ஒன்றின் வழியாக நடந்தது. ஆலைக்குப் பக்கத்தில் பீர் விற்ற சிறு கடைக்காரப் பெண் கட்டிய வருமான வரி, ஆலை கட்டியதைவிட அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. சட்டத்தை மீறினார்கள் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் உங்கள் தெருமுனைக் கடைக்காரரை வைத்துப் பாருங்கள். அவருக்கு மொரிஷியஸ் இல்லை. அவர் வாட் 15 சதவீதத்தை ஒவ்வொரு சோப்புக்கும் சர்க்கரைப் பொட்டலத்துக்கும் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையின் வெளிநோயாளி வரிசையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நம் தொழிற்சாலையில் மிளகாய் பொடிக்கிற அக்காமார்கள் அங்கேதான் போகிறார்கள். அது ஓடுவது வரிப் பணத்தில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின், உடைந்த பாலத்தையும் குழாயையும் சரிசெய்ய வேண்டியிருந்ததும் பொதுப் பணத்தில்தான். அந்தப் பணம் திருடப்படுகிறதே, ஊழலில் போகிறதே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், நானும் கோபத்தோடு கேட்கிறேன். ஆனால் திருடியவர்கள் பணத்தை மறைத்து வைப்பதும் இதே மாதிரிப் பெயரில்லாக் கம்பெனிகளில்தான். அந்தச் சந்தைக்கு நாமும் வாடிக்கையாளராகப் போனால், அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஒரு சோதனை சொல்கிறேன். ஆலோசகர் சொல்லும் ஏற்பாட்டை ஒரு பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். யார் என்ன வேலை செய்கிறார், யாருக்கு எவ்வளவு போகிறது என்று மட்டும். அதைச் சார்ஸுக்கு முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் கேட்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். நேர்மையான ஆலோசகர் சரி என்பார், நிஜமான அலுவலகம் உள்ள திட்டத்துக்கு அது தடையே இல்லை. வேண்டாம் என்று பதறுகிறவரின் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் நம் கோயிலில் காவடி எடுப்பவர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் என்பது இதற்குப் பதிலாகாது.

## ஏற்கெனவே திறந்துவிட்டவர்கள்

பயந்து உறைந்துபோய் உட்கார வேண்டாம். சார்ஸில் சுயமாக முன்வந்து அறிவிக்கும் திட்டம் நிரந்தரமாக இருக்கிறது. வேண்டுமென்றே ஏய்த்ததாக அவர்களாகக் கண்டுபிடித்தால் அபராதம் வரியில் 150 சதவீதம், மறுபடி செய்தால் 200. தணிக்கை அறிவிப்பு வருவதற்கு முன் நீங்களாகப் போய்ச் சொன்னால் அது 10 சதவீதமாகக் குறைகிறது, குற்ற வழக்குக்கும் பரிந்துரைக்க மாட்டார்கள். வரியும் வட்டியும் கட்டத்தான் வேண்டும். பழைய ஆண்டுகள் காலாவதியாகிவிட்டன என்று நம்பாதீர்கள், மறைத்த விஷயத்துக்குச் சாதாரணக் காலவரம்பு ஓடாது.

ஏற்றுமதிப் பணம் வெளியே தங்கியிருந்தால் அது தனி விஷயம். சரக்கு அனுப்பிய ஆறு மாதத்துக்குள் முழுப் பணமும் நாட்டுக்குள் வர வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. மீறினால் பணத்தையே பறிமுதல் செய்யும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு. இதைச் சரிசெய்யும் விண்ணப்பம் உங்கள் வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குப் போகும், சார்ஸ் விண்ணப்பத்தோடு சேராது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். அதற்கு, கம்பெனியை விற்றவரிடமே போகாமல், அதில் பங்கில்லாத வேறொரு வரி வக்கீலைப் பாருங்கள். போகும்போது மொரிஷியஸ் வங்கிக் கணக்கின் எல்லா ஆண்டு ஸ்டேட்மெண்டுகளையும், இன்வாய்ஸ் நகல்களையும், ஆரம்பத்தில் கையெழுத்துப் போட்ட காகிதங்களையும் எடுத்துப் போங்கள். மேனேஜ்மெண்ட் கம்பெனிக்குக் கட்டணப் பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள், பாக்கி வைத்தால் நகல்கள் கைக்கு வரத் தாமதமாகும்.